குழாய் இறங்கும் வரை மழை வேண்டாம்

"இந்த மழை இன்னும் நாலு நாள் கழிச்சு வந்தா என்னவாம்?"

இதை நான் சொன்னது டீக்கடையில், பட்டப்பகலில், கடை நிறைய ஆள் இருக்கும்போது. பேச்சு நின்றுவிட்டது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கையை மேலே தூக்கினபடியே நின்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் ஊரில் ஒருத்தரை வாய்க்கு வந்தபடி திட்டலாம். அவர் வீட்டில் போனவாரம் நடந்த சண்டையை இழுத்துப் பேசலாம். மறுநாள் அதே ஆள் டிராக்டர் கொண்டுவந்து உழுது கொடுப்பார். மழையை மட்டும் வராதே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கல்யாணப் பந்தல் சரிந்து, சாம்பார் அண்டாவில் மழைத்தண்ணீர் விழுந்தாலும், பெண்ணைப் பெற்றவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நல்லா பெய்யட்டும் என்றுதான் சொல்வான். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் பிறந்தவர்கள் வாயில் வேறு சொல் வராது.

எனக்கு வந்துவிட்டது.

முதலில் எழுந்தது மதினி. மதினி என்றால் உறவு ஒன்றும் கிடையாது. எங்கள் காட்டுக்கு, அதாவது மானாவாரி நிலத்துக்கு, வடக்கே அவர் காடு, அதனால் மதினி. வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. என்னோடு சண்டை போடுவதற்கு மட்டும் தமிழ்.

"என்ன பேச்சு பேசுதே நீ? வெதைய மண்ணுல போட்டுட்டு நாங்க வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கோம். ஒனக்கு மழை வேண்டாமோ?"

"வேண்டாம்னு யாரு சொன்னா? நாலு நாள் கழிச்சு வரட்டும்னுதான சொன்னேன்."

"மழை என்ன ஒன் வீட்டு மாப்பிள்ளையா, தேதி குறிச்சு வர?"

"மாப்பிள்ளைன்னா நான் இவ்வளவு மரியாதையா சொல்லுவேனா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். மதினி பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கிக்கொண்டு டீயை ஆற்றினார்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

எங்கள் காடு ரோட்டை ஒட்டி இருக்கிறது. ரோட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் ஓடை. முன்பு அது எட்டி வைத்தால் தாண்டுகிற ஓடைதான். ரோட்டை அகலப்படுத்தியபோது ஆள் இறங்கி நின்றால் தலை மட்டும் தெரிகிற ஆழத்துக்குத் தோண்டிவிட்டார்கள். அவரவர் காட்டுக்குள் வண்டி போக ஆளுக்கொரு சிமெண்ட் குழாயை ஓடையில் கிடத்தி, மேலே மண்ணை மூடி, இதுதான் பாலம் என்று காட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் குழாயில் குட்டி நாய் நுழையும். தாய் நாய் நுழையாது. அவ்வளவுதான் அகலம்.

மேலே மூடினதும் பக்கத்தில் தோண்டிய கரிசல் மண்ணையே. அங்கேதான் வினை. கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கிக் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதற்குள் எதைப் புதைத்தாலும் மழைக்குத் தூக்கும், கோடைக்கு இறக்கும். சும்மா இருக்காது. இப்படித் தூக்கித் தூக்கி இறக்கியதில் குழாய் நடுவில் விண்டுபோயிருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. மாசி மாதம் மக்காச்சோளம் ஏற்றிய லாரி காட்டைவிட்டு வெளியே வரும்போது பின்சக்கரம் உள்ளே இறங்கிவிட்டது. லாரிக்காரன் என்னைத் திட்டினான். நான் அவனைத் திட்டினேன். குழாயைத் திட்ட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றும் வேலை பார்க்கிறார். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவருக்குக் கோபம் வராது. அவருக்கு வர வேண்டியதையும் சேர்த்து எனக்கு வருகிறது. லாரி இறங்கிய அன்று சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "பாத்துக்கிடலாம்" என்றார். பங்குனியில் கேட்டேன், பாத்துக்கிடலாம். வைகாசியில் கேட்டேன், அதே பதில். ஆடி பிறந்ததும் நானே பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனேன்.

டவுனுக்கு வெளியே சிமெண்ட் குழாய் வார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார் ஒரு பாய். அப்பா காலத்தில் இருந்து அதே தொழில். நான் போனபோது குழாய்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு அகலம் வேணும்மா?"

"நான் குனிஞ்சு உள்ள போயி அந்தப் பக்கம் வரணும்."

"நீங்க எதுக்கும்மா பைப்புக்குள்ள போறிய?"

"அடைச்சுக்கிட்டா யாரு போவா? நீங்க வருவியளா?"

அவர் யோசித்தார். மூன்றடிக் குழாயைக் காட்டினார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே புகுந்து அந்தப் பக்கம் வந்தேன். பட்டறையில் வேலை செய்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பாய் மட்டும் சிரிக்காமல், "இதே மாதிரி ரெண்டு போதும், டிராக்டர் திரும்புறதுக்கு அகலம் சரியா இருக்கும்" என்றார். ஆனால் அந்தக் குழாய்கள் வேறு ஒருவருக்குப் பேசி முடித்தவை. எனக்குப் புதிதாக வார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் போன் போட்டேன். வார்த்தாச்சும்மா, தண்ணியில ஊறுது என்பார். இன்னும் எத்தனை நாளைக்கு ஊறும், அது என்ன ஊறுகாயா என்று கேட்டேன். "பச்ச பைப்ப அனுப்பி நாளைக்கு அது நொறுங்குச்சுன்னா நீங்க பட்டறைக்கே வந்துருவிய. எனக்குக் குடும்பம் இருக்கும்மா" என்றார். அதில் நியாயம் இருந்ததால் போனை வைத்துவிட்டேன்.

குழாய் வந்து சேர்ந்தபோது புரட்டாசி பாதி போய்விட்டது. அதற்குள் சுற்றிலும் எல்லோரும் விதைத்து முடித்திருந்தார்கள்.

கரிசலில் மழை பெய்த பிறகு விதைக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். ஒரு நல்ல மழை விழுந்தால் காடு களி கிண்டின மாதிரி ஆகிவிடும். டிராக்டர் இறங்காது. மாடு இறங்காது. ஆள் இறங்கினால் செருப்பு அங்கேயே இருக்கும், கால் மட்டும் வெளியே வரும். அது காய்ந்து வண்டி இறங்குவதற்குள் பருவம் தப்பிவிடும். அதனால் மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டு உழுது மூடிவிடுவோம். அதன் பிறகு விதை மண்ணுக்குள் காத்திருக்கும், நாங்கள் வெளியே காத்திருப்போம். நாள் ஆக ஆக எறும்பு இழுக்கும், மயில் கிளறும். மழை சீக்கிரம் வர வேண்டும்.

ஊருக்கு மழை சீக்கிரம் வர வேண்டும். எனக்கு மழை வருவதற்குள் டிராக்டர் உள்ளே போக வேண்டும். வடக்கே மதினி காடு, தெற்கே டிராக்டர் வைத்திருக்கிற அண்ணாச்சி காடு, இரண்டிலும் விதை விழுந்துவிட்டது. அவற்றின் மேல் வண்டி ஓட்ட முடியாது. ஓடையில் மண்ணைத் தள்ளி இப்போதைக்கு மூடிவிட்டால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்டார். மூடிய நேரத்தில் மழை வந்தால் தண்ணீர் தேங்கி மதினி காட்டுக்குள் ஏறும். அவர் விதை அழுகும். எனக்கு வாய்தான் கெட்டது, அந்த அளவுக்கு நான் கெட்டவள் இல்லை.

ஜேசிபி வந்து உடைந்த பழைய குழாயைத் தோண்டி எடுத்துப் போட்டது. புதுக் குழாய் இரண்டையும் லாரியில் இருந்து தூக்கி ரோட்டோரம் வைத்தது. டிரைவருக்கு ஒரு போன் வந்தது. "சாப்பிட்டுட்டு வாரேன்க்கா" என்று போனவர்தான். மழைக்கு முன்னால் எல்லாருக்கும் வரப்பு ஏற்ற வேண்டும், பள்ளம் மூட வேண்டும். கொத்தனாரைக் கூப்பிட்டேன். மேற்கே மேகம் கறுத்ததைப் பார்த்துவிட்டு அவர் குளத்தூர்ப் பக்கம் தன் காட்டை விதைக்கப் போய்விட்டாராம். எங்கள் பக்கம் கொத்தனாருக்கும் காடு உண்டு, டிரைவருக்கும் காடு உண்டு. மேகத்தைக் கண்டால் ஒருத்தனும் தொழிலில் இருக்க மாட்டான்.

ஓடை வாயைப் பிளந்து கிடந்தது. குழாய் மேலே கிடந்தது. உளுந்து விதை வீட்டில் மூட்டையில் கிடந்தது. அந்த எரிச்சலோடு டீக்கடைக்குப் போனேன். மற்றதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. மத்தியானமானால் மேகம் கூடும். இடி இடிக்கும். காற்று வந்து துணியை எல்லாம் கொடியில் சுருட்டும். ஊரே வாசலில் வந்து நிற்கும். கடைசியில் மேகம் எட்டயபுரம் பக்கம் நகர்ந்துவிடும். அங்கே கொட்டுகிறது என்று சொந்தக்காரர்கள் போனில் சொல்வார்கள். சிலர் வீடியோவே அனுப்பினார்கள். எங்கள் ஊர் ரோட்டில் புழுதி பறந்தது. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாள் மணியாச்சியில் பெய்தது.

தண்ணீர்க் குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றது. நான் திரும்பினதும் தொடங்கியது. ஒருத்தி என் காதுபடவே, "சில பேரு வாய்க்கு இடியே பயந்து போவுது" என்றாள். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "பயப்படுத இடிய வச்சு என்ன செய்யப்போறே? அது போகட்டும்" என்றேன்.

என் வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்தால் முதலில் கொத்தனார்தான் வந்திருப்பார். இதை நான் சொல்லியும் யாரும் யோசிக்கவில்லை.

பிறகு மழைக்கஞ்சி காய்ச்சுவது என்று முடிவு செய்தார்கள். மழை பொய்த்தால் பெண்கள் வீடு வீடாகப் போய் மாவும் அரிசியும் வாங்கி, பொது இடத்தில் கஞ்சி காய்ச்சி எல்லாரும் குடிப்பது வழக்கம். மதினி தலைமையில் ஓலைப்பெட்டியோடு வந்தார்கள். எல்லா வீட்டிலும் நின்றார்கள். என் வாசலில் மட்டும் நிற்பதா வேண்டாமா என்று பேச்சு நடந்தது. எனக்குக் கேட்டது. கம்பு மாவை முறத்தில் எடுத்துக்கொண்டு நானே வெளியே வந்தேன்.

"இவ வீட்டு மாவப் போட்டா கஞ்சி பலிக்குமா மதினி?" என்று பின்னால் ஒருத்தி கேட்டாள்.

"பலிக்காட்டா போகுது, கெட்டியாவாவது இருக்கும். போன தடவ நீங்க காய்ச்சுன கஞ்சியில மொகம் பாத்தேன் நான்" என்றேன்.

மதினிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அப்போது தெருவில் டிராக்டரோடு வந்த தெற்குக் காட்டு அண்ணாச்சி வண்டியை நிறுத்தினார். என்ன கூட்டம் என்று கேட்டார். சொன்னார்கள். அவர் மேகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கஞ்சி எதுக்குக் காய்ச்சுதிய? அந்த பைப்பத் தூக்கிப் போட்டுத் தொலைங்க. இவளுக்குச் சொல்லுததுக்கு ஒரு காரணம் இருக்கு. காரணம் போச்சுன்னா வாயி அடைச்சிரும். வாயி அடைச்சா மழை வரும்."

அது நல்ல யோசனை என்று எல்லார் முகத்திலும் தெரிந்தது. என்மேல் இரக்கம் யாருக்கும் இல்லை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரக்கப்பட்டு வருகிறவன் பத்து மணிக்கு வருவான். கோபத்தில் வருகிறவன் விடியும்போதே வருவான்.

மறுநாள் விடியும்போது வந்துவிட்டார்கள். கடப்பாரை, மண்வெட்டி, தேர் இழுக்கிற கயிறு, இரண்டு டிராக்டர். என் வீட்டுக்காரர் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் எல்லாருக்கும் வெற்றிலை கொடுத்துக்கொண்டு திரிந்தார்.

முதல் சண்டை தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதில். எங்கள் நிலம் தோசைக்கல் மாதிரி. கண்ணால் பார்த்தால் நீர்வாட்டம் தெரியாது. வாட்டம் தப்பினால் குழாயில் தண்ணீர் நிற்கும், வண்டல் அடையும். தெற்கே கண்மாய் இருக்கிறது, அதனால் தெற்கே என்றார் அண்ணாச்சி. இல்லை, ரோட்டை மேடாக்கின பிறகு வடக்கே திரும்பிவிட்டது என்றார் ஒருவர். ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள்.

"போன வருசம் இந்த ஓடையில என் ஒரு செருப்பு போச்சு. அது எங்கன கெடந்து எடுத்தேன் தெரியுமா? அண்ணாச்சி காட்டு ஓரத்துல. செருப்பு என்ன நடந்தா போச்சு?" என்றேன்.

அண்ணாச்சிக்கு வெற்றி. அதற்காக ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அப்புறம் ஒரு நீள டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் மட்டம் பார்த்தோம். செருப்பு சொன்னது சரியாக இருந்தது.

ஓடையின் அடியில் இருந்த கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, இதற்கென்று நான் முன்பே இறக்கி வைத்திருந்த சரள் மண்ணைப் பரப்பினோம். சரள் என்றால் பொடிக்கல் கலந்த சிவந்த மண். அது உப்பாது, சுருங்காது, போட்ட இடத்தில் கிடக்கும். தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தார்கள். பிறகு குழாய். கயிற்றைக் குழாயில் சுற்றி ஒரு முனையை டிராக்டரில் கட்டி, மற்ற முனையை ஆட்கள் பிடித்துக்கொள்ள, கரையில் வெட்டிய சரிவில் மெதுவாக உருட்டி இறக்க வேண்டும். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கட்டளை போட்டார்கள். விடு, பிடி, ஏலே விடாத, பிடிலே, இந்தப் பக்கம், அது இல்ல அந்தப் பக்கம். குழாய் ஒருத்தர் பேச்சையும் கேட்காமல் தன் பாட்டுக்கு உருண்டு, நாங்கள் வைத்த கோட்டிலேயே போய் உட்கார்ந்தது. பிறகு எல்லாரும் தன்னால்தான் என்று சொன்னார்கள்.

இரண்டாவது குழாயும் இறங்கி முதல் குழாயோடு சேர்ந்தபோது கொத்தனார் பைக்கில் வந்து சேர்ந்தார். தன் வேலையை ஊரே சேர்ந்து செய்வதை யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். வந்த வேகத்தில் ஓடைக்குள் குதித்தார்.

"யாரு இத வச்சா? ஜாயிண்டு பூசணும். பூசி மூணு நாளு காயணும். அதுவரைக்கும் வண்டி ஏறக் கூடாது."

கரையில் நின்ற மதினி இடுப்பில் கையை வைத்தார். "நீயும் தேதி குறிக்கியா? இவ ஒருத்தி பத்தாதா?"

கொத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். சிமெண்ட் பாலில் சாக்கை முக்கி மூட்டில் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுவதாகவும், வண்டிப் பாரம் சரளிலும் குழாயிலும்தான் இறங்கும் என்பதால் மெதுவாகப் போனால் பரவாயில்லை என்றும், முகப்புச் சுவரைப் பிறகு வந்து கட்டித் தருவதாகவும் சொன்னார். சொன்னபடி செய்தார்.

அதற்குள் மேற்கே கறுக்கத் தொடங்கிவிட்டது. எல்லாருக்கும் கை கால் பரபரத்தது. குழாயின் இரண்டு பக்கமும் நிரப்ப வேண்டும். சரள் குவியல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. தோண்டிய கரிசல் காலடியில் கிடந்தது. இரண்டு பேர் கரிசலை வெட்டித் தள்ள ஆரம்பித்தார்கள். கரிசல் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாதா? பிறந்ததில் இருந்து அதில்தான் கிடக்கிறார்கள். அவசரம். நான் ஓடைக்குள் இறங்கிக் குழாய் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"போட்டத அள்ளுங்க."

"ஏட்டி, மேகத்தப் பாரு" என்றார் மதினி.

"பாத்தேன். ஒரு கூடை கரிசல் உள்ள இருந்தாலும் மழைய நான் வர விட மாட்டேன். கார்த்திகைக்குத்தான் வரும்னு சொல்லிருவேன். சொல்லவா?"

வாயைத் திறந்தேன். இரண்டு பேரும் கூடையை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார்கள். போட்ட கரிசல் முழுக்க வெளியே வந்தது. இத்தனை நாள் என் வாய்க்குச் சக்தி இருக்கிறது என்று இவர்கள்தானே சொன்னார்கள்? ஒரு தடவையாவது நான் பயன்படுத்திக்கொள்ளக் கூடாதா?

ரோட்டுக்குக் குறுக்கே வரிசையாக நின்று சரள் கூடையைக் கைமாற்றினோம். ஒரு அடுக்கு, தண்ணீர், திமிசு. இன்னொரு அடுக்கு. போகிற பஸ்கள் நின்று நின்று போயின. ஒரு பஸ்ஸில் இருந்து யாரோ என்ன விசேஷம் என்று கேட்டார்கள். பாலம் தொறக்கோம், மந்திரி வாராரு என்று ஒருவர் கூசாமல் சொன்னார். பெண்கள் அங்கேயே ரோட்டோரத்தில் கல்லைக் கூட்டி மழைக்கஞ்சியைக் காய்ச்சினார்கள். எப்படியும் காய்ச்ச வேண்டியதுதானே, ஆள் இருக்கிற இடத்தில் காய்ச்சினால் என்ன என்று மதினி சொல்லிவிட்டார். மழைக்காகக் காய்ச்சிய கஞ்சியை நாங்கள் வேலை அலுப்புக்குக் குடித்தோம். கெட்டியாகவே இருந்தது. என் மாவுதான்.

மேலே சரள் மூடி முடித்ததும் அண்ணாச்சி டிராக்டரை ரோட்டில் திருப்பிக் கொண்டுவந்து புதுப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தினார். என்ஜினை அணைத்தார்.

"இப்ப சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"மழைய வரச் சொல்லு. சொன்னாத்தான் வண்டி ஏறும்."

"இப்பச் சொல்லி இப்ப வந்துட்டா? வெதை விழட்டும், பெறகு சொல்லுதேன்."

"இவ்வளவு பேரு வேல பாத்திருக்கோம்."

"வேல பாத்தது பைப்புக்கு. வெதைக்கு இன்னும் யாரும் பாக்கல. வண்டிய எடுங்க அண்ணாச்சி."

அவர் மதினியைப் பார்த்தார். மதினி என்னைப் பார்த்தார். இன்னொரு சண்டைக்கு நேரம் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. அண்ணாச்சி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரம் ஏறியது. நான் மூச்சு விடாமல் குழாய் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரள் கொஞ்சம் நறநறத்தது. குழாய் அசையவில்லை. டிராக்டர் என் காட்டுக்குள் இறங்கியதும் வீட்டுக்காரர் கை தட்டினார். அவர் கை தட்டி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

உளுந்தை ஓலைப்பெட்டியில் எடுத்துக்கொண்டு நானும் மதினியும் இன்னும் மூன்று பெண்களும் வீசிக்கொண்டே முன்னால் போனோம். பின்னால் அண்ணாச்சி உழுது மூடிக்கொண்டே வந்தார். மற்றவர்கள் கஞ்சிப் பானையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் போகவில்லை. புதுப் பாலத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்து எங்களையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதிக் காடு முடிந்தபோது காற்று மாறியது. குளிர்ந்த காற்று. எங்கோ பக்கத்தில் மண் நனைந்த வாசனை. மேகம் இந்தத் தடவை எட்டயபுரம் போகிற மாதிரித் தெரியவில்லை. நேராக எங்களைப் பார்த்து வந்தது. நான் கையை வேகமாக வீசினேன். பக்கத்தில் மதினி என்னைவிட வேகமாக வீசினார். அவர் காட்டில் விதை விழுந்து பல நாள் ஆகிவிட்டது. மயில் கிளறுவதை நானே பார்த்திருக்கிறேன். அவருக்கு அந்த மழை அந்த நிமிடமே வேண்டும். அவர் தலையை நிமிர்த்தி மேகத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"கொஞ்சம் பொறு தாயி."

எனக்கு நன்றாகக் கேட்டது. அந்தப் பக்கம் வந்த பெண்ணுக்கும் கேட்டிருக்க வேண்டும், அவள் பெட்டிக்குள் எதையோ தேடினாள்.

"என்ன சொன்னிய மதினி?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"சொன்னிய."

"ஒன் காதுல மண்ணு போயிருக்கும். வெதைய வீசு."

வீசினேன். கண்ணில்தான் மண் போயிருக்க வேண்டும், கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை.

மேற்கு மூலையில் விதையைத் தெளித்து முடித்தபோது முதல் துளி என் புறங்கையில் விழுந்தது. பெரிய துளி, சில்லென்று. அண்ணாச்சிக்கு இன்னும் இரண்டு சுற்று இருந்தது. போதும் வந்திருங்க என்று கத்தினேன். அவர் கேட்கவில்லை. தொடங்கினதைப் பாதியில் விடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒரு சுற்று முடித்துத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அடுத்த சுற்றின் நடுவில் சக்கரம் சுழன்றது, வண்டி நகரவில்லை. கரிசல் இரண்டு பின்சக்கரத்தையும் அப்பிக்கொண்டது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மழையில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் நீ சொல்லல" என்று அங்கிருந்தே கத்தினார்.

"அதான் வந்துட்டுல்லா."

பாலத்தின் மேல் இருந்தவர்களில் ஒருத்தர்கூட ஒதுங்க ஓடவில்லை. நனைந்துகொண்டே ஓடையைப் பார்த்தார்கள். நாங்களும் காலில் மண்ணை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். அண்ணாச்சியும் வண்டியை விட்டுவிட்டு, செருப்பையும் விட்டுவிட்டு, வந்து சேர்ந்தார். முதலில் நுரை வந்தது. பிறகு தென்னை மட்டை, பிளாஸ்டிக் பாட்டில், காய்ந்த முள். எல்லாம் குழாய்க்குள் போனது. நாங்கள் அத்தனை பேரும் பாலத்தின் மறுபக்கத்துக்கு ஓடினோம். எல்லாம் வெளியே வந்தது. மறுபடி இந்தப் பக்கம் ஓடி வந்தோம். பேரன் பேத்தி எடுத்தவர்கள், கொத்தனார், நான், என் வீட்டுக்காரர், எல்லாரும். இது என்ன கூத்து என்று யாரும் கேட்கவில்லை. கேட்க யாராவது ஒருத்தர் ஓடாமல் நின்றிருக்க வேண்டும்.

தண்ணீர் ஒரு சொட்டுக்கூட மதினி காட்டுப் பக்கம் ஏறவில்லை. அதை அவர் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மழை விட்டு விட்டு ஒரு வாரம் பெய்தது. டிராக்டர் என் காட்டின் நடுவில் நின்றது. அண்ணாச்சி தினமும் காலையில் பாலத்தின் மேல் வந்து நின்று அதைப் பார்ப்பார், என்னைத் திட்டுவார், காப்பி குடித்துவிட்டுப் போவார். நான் பதிலுக்குத் திட்டினால் இன்னொரு காப்பி கேட்பார். நிலம் காய்ந்து வண்டியை எடுக்க வந்தபோது காடு முழுக்க உளுந்து முளைத்து இரண்டு இரண்டு இலை விட்டிருந்தது. எடுத்தால் சக்கரத் தடம் முழுவதும் பயிர் படுத்துவிடும். வேறு வழி இல்லை. அவர் வண்டியைக் கிளப்பினார். முளைத்த பயிரின் மேலேயே ஓட்டி வந்து, பாலத்தில் ஏறி, ரோட்டுக்கு வந்தார்.

நான் வேலியோரம் நின்று பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். வளைவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.